அரை மணி இளசு

முப்பத்தெட்டாவது எண்ணைக் கூப்பிட்டார்கள். டிரைவர் கையிலிருந்த துண்டுச்சீட்டில் நாற்பத்தொன்று.

காலை ஒன்பதிலிருந்து கோர்ட்டு வராந்தாவில் அந்த மர பெஞ்சு. பத்து சக்கர கான்கிரீட் லாரியைச் சந்து பொந்திலெல்லாம் ஒடித்துத் திருப்புகிற கைகள், ஒரு பிளாஸ்டிக் ஃபைலைப் பிடிக்கத் தெரியாமல் வியர்த்தன.

"ஃபைலைக் கசக்காதீங்க," என்றாள் மனைவி. "அரை நாள் லீவு போட்டு வந்திருக்கேன். அயர்ன் பண்ண சட்டை மட்டும் ஜெயிச்சாப் போதாது."

மூன்று மாதம் முன்பு ஒரு காலை, பத்து இருபதுக்குச் சிவப்பு விளக்கைத் தாண்டியதாகக் கேமராப் படம். அபராதத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனால் லைசென்ஸில் ஏற்கெனவே இரண்டு குற்றப் பதிவு. மூன்றாவது விழுந்தால் ஆறு மாதம் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது.

படத்தில் இருந்தது அவர் வண்டியே இல்லை. கம்பெனி லாரி எல்லாமே மஞ்சள். எட்டில் முடிகிற நம்பர் மேல் சிமெண்ட் தெறித்துக் காய்ந்தால், எட்டில் பாதி மறைந்து மூன்றாகிவிடும். அவருடையது மூன்று.

"பத்து இருபதுக்கு நான் போன் பண்ணேனே, குக்கர் மூடி பறந்த அன்னிக்கு. 'சைட்ல நிக்கிறேன், அப்புறம் பேசு'ன்னு வெச்சீங்க."

"குக்கரைக் கோர்ட்டு நம்பாது. இதை நம்பும்." ஃபைலைத் தட்டினார். அன்றைய லோடு சீட்டு. கீழே கட்டட சைட்டின் நீல முத்திரை. மூன்று மாதமாக பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தது.

பின் பெஞ்சில் கம்பெனி சூப்பர்வைசர். யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார். முன்னால் குனிந்தார்.

"அண்ணே, பேசாம கட்டிட்டுப் போயிடலாமே."

"செய்யாத தப்புக்கா சார்?"

"சரி, ஃபைல்ல என்ன வெச்சிருக்கீங்க?"

"லோடு சீட்டு."

சூப்பர்வைசரின் முகம் வெளுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் குரல் வந்துவிட்டது.

"நாற்பத்தொன்று!"

நீதிபதி அம்மாள் கேமராப் படத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கடைசி எண் தெளிவா இல்லைதான். அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?"

"சைட்லங்கம்மா. பத்து பத்துக்கே போய்ச் சேர்ந்துட்டேன். ஆதாரம் இருக்குங்க."

சீட்டு மேஜைக்குப் போனது. நீதிபதி ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"பிளான்ட்டை விட்டுக் கிளம்பினது பத்து அஞ்சு, சைட்டுக்கு வந்தது பத்து நாற்பதுன்னு இருக்கு. அப்போ பத்து இருபதுக்கு நீங்க ரோட்லதானே இருந்திருக்கணும்?"

டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தார்.

அவர் கையெழுத்துத்தான். உண்மையில் கிளம்பியது ஒன்பது முப்பத்தைந்து. கான்கிரீட் கலக்கும் பிளான்ட்டை விட்டுக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கலவையைக் கொட்டியாக வேண்டும். தாண்டினால் கலவை இறுகிப் பலம் போய்விடும் என்று சைட் எஞ்சினியர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் சைட்டில் லாரி வரிசையே ஒரு மணி நேரம் நகராது. அதனால் எல்லாச் சீட்டிலும் நேரத்தை அரை மணி தள்ளி எழுதச் சொல்லியிருந்தது கம்பெனி. வாட்ச்மேன் மணி பார்க்காமல் முத்திரை குத்துவார். 'நம்ம கலவை எப்பவும் அரை மணி இளசு' என்பது டிரைவர்களின் ஜோக். ஆறு வருடம் எழுதி எழுதி, பொய் என்பதே கைக்கு மறந்துவிட்டது. மூன்று மாதமும் அவர் கண்ணில் பட்டது முத்திரை மட்டும்தான்.

"சொல்லுங்க. இந்த நேரம் தப்பா?"

ஆமாம் என்றால் லைசென்ஸ் பிழைக்கும். ஆமாம் என்றால் அந்தச் சைட்டில் எழும்பி நிற்கிற ஒன்பது மாடியும் கேள்விக்கு வரும். எழுதச் சொன்ன வாய்க்குச் சாட்சி கிடையாது. எழுதிய கை அவருடையது.

பின்னாலிருந்து சூப்பர்வைசரின் இருமல். ஒரே ஒரு தடவை.

மனைவி பாதி எழுந்தாள். 'சொல்லுங்களேன்' என்றன உதடுகள்.

"நேரம் சரிதாங்கம்மா," என்றார் டிரைவர்.

லைசென்ஸை வாங்கி ஒரு கவரில் போட்டு ஒட்டினார்கள்.

வாசல் படியில் மனைவி நின்றாள். "நான் போன் பண்ணது பொய்யா?" என்றாள்.

"இல்ல."

"அப்போ?"

அதற்குள் சூப்பர்வைசர் ஓடிவந்து தோளைத் தொட்டார். "அண்ணே, நீங்க தங்கம். ஆறு மாசமும் உங்களுக்கு வேலை உண்டு. லாரி டிரம்முக்குள்ள காஞ்ச கலவையைக் கொத்துற வேலை."

"தங்கத்தைக் கொண்டுபோய் டிரம்முக்குள்ள அடைக்கிறீங்களா சார்?" என்றாள் மனைவி. அவர் சிரித்துச் சமாளித்தார்.

மறுநாள் காலை பிளான்ட்டில், எட்டில் முடிகிற லாரி நின்றது. டிரம்மின் உள்சுவரில் கலவை காய்ந்து கல்லாகியிருந்தது. பக்கவாட்டில் ஒரு ஆள் படுத்து நுழைகிற அளவு ஓட்டை. பக்கத்தில் போர்டு: 'தொடர்ந்து அரை மணிக்கு மேல் யாரும் உள்ளே இருக்கக் கூடாது.'

மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு டிரைவர் சரியாக ஒன்பதுக்கு உள்ளே இறங்கினார். உள்ளே நிற்க முடியாது. மண்டியிட்டுத்தான் கொத்த வேண்டும். ஒவ்வோர் அடியும் இரும்பில் மோதி மண்டைக்குள் திரும்பி வந்தது. பிறகு ஓட்டையில் தலையை நீட்டினார். புருவம், மீசை எல்லாம் வெள்ளை.

"சார், அரை மணி ஆச்சு."

சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்த்தார். நோட்டில் 'உள்ளே இறங்கிய நேரம்' என்ற கட்டத்தில் ஒன்பது முப்பது என்று எழுதினார்.

"இப்பதானேண்ணே இறங்கினீங்க."

டிரைவர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை உள்ளே போனது. மறுபடி உளி விழ ஆரம்பித்தது.