தர்ஷினி ஒரு குறியீடு

பெர்மாஸ் ஜெயா மண்டபத்தில் கணவன் ஜீவனின் நாவலுக்கு ஆய்வரங்கம் என்றதும் வாசுகி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். செனாய் தொழிற்சாலையில் மாடாய் உழைக்கும் அவனுக்கு மேடை கிடைத்ததே என்றல்ல. மகளின் பெயரை நாலு பேர் சத்தமாகச் சொல்வார்கள், காதாரக் கேட்கலாம் என்றுதான்.

லாபிஸில் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் தர்ஷினி மூழ்கிப்போனதிலிருந்து ஜீவன் அந்தப் பெயரை வாய்திறந்து சொன்னதில்லை. சொல்ல முடியாததை எழுதினான். "எழுதிக்குங்க. புள்ள பேர மட்டும் மாத்தாதீங்க" என்று வாசுகி கேட்டிருந்தாள். அவனும் மாற்றவில்லை. பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் இன்றுவரை அவள், "ஒண்ணு. தவறிட்டா" என்றுதான் சொல்வாள். கேட்டவர்கள் சங்கடப்பட்டால் படட்டும். பெற்றதை இல்லையென்று சொல்ல அவளுக்கு நாக்கு வராது.

பேராசிரியர் மதிவாணன் பின்காலனியக் கோட்பாட்டைக் கரைத்துக் குடித்தவர். குடித்ததையெல்லாம் அன்றைக்குக் கொட்டித் தீர்த்தார். வெள்ளைக்காரன் வெட்டிய வாய்க்கால்தான் காலனிய வரலாறாம். அதில் மூழ்கும் 'சிறுமி', நாடற்றுப்போன ஒரு சமூகமாம். அவளுடைய மஞ்சள் கவுனுக்குக்கூட ஓர் அர்த்தம் வைத்திருந்தார். அந்தக் கவுனைத் தீபாவளிக்குத் தைத்தவள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். பேச்சு முடியும்வரை பெயர் மட்டும் வரவே இல்லை.

கடைசியில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், தர்ஷினின்னு உண்மையிலேயே யாராச்சும் இருந்தாங்களா?"

வாசுகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதோ, பெற்றவன் வாயாலேயே வரப்போகிறது.

ஜீவன் மைக்கைப் பிடித்தான். பேராசிரியரைப் பார்த்தான், அவர் ஆவலாய்த் தலையாட்டினார்.

"இல்லீங்க. கற்பனைதான். சார் சொன்ன மாதிரி, அவ ஒரு குறியீடு."

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. வாசுகிக்கு அழக்கூட வழியில்லை, சுற்றிலும் எல்லாரும் சிரித்த முகமாய் இருந்தார்கள்.

தேநீர் வேளையில் பேராசிரியரின் மனைவி கஸ்தூரி, கறிபாப் பலகாரத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வெறும் கற்பனையிலயே என்னமா எழுதியிருக்காரு லா! உங்களுக்குப் பிள்ளைங்க எத்தன பேரு?"

வாசுகி மேடையைப் பார்த்தாள். ஜீவன் மாலையோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தான். இப்போது உண்மையைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் அவன் பொய்யனாகிவிடுவான்.

"இல்லீங்க," என்றாள். "எங்களுக்குப் பிள்ள இல்ல."