தொட்டியில் மிதந்தவை

அண்ணன் அன்றைக்கு மதியமே வேலையிலிருந்து வந்துவிட்டான். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. அவன் சட்டையில் எப்போதும் தார் வாடைதான் அடிக்கும். அன்றைக்குக் கழிப்பறை கழுவும் ஆசிட்டின் நெடி அடித்தது.

அத்தை கொட்டகை வாசலிலேயே அவனை நிறுத்தினாள்.

"என்ன, மழை பெய்யுதா அங்க? சீக்கிரம் வந்துட்டே."

"உங்க மூட்டைதான் புகையாப் பெய்ஞ்சுது. மூணு பேரு இருமிக்கிட்டுத் தரையில கிடக்கிறாங்க. ஒரு லோடு கலவையை அப்படியே குழியில கொட்டியாச்சு."

"கல்லைக் கருக்கிட்டு வந்து என் மூட்டையைச் சொல்றியா நீ?"

"அத்தை, நான் சூட்டு மீட்டரைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பாத்துக்கிட்டேதான் தூங்கியிருப்பே."

அப்பாவும் அம்மாவும் போனபிறகு நானும் அண்ணனும் அத்தை வீட்டில்தான் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் அவள் கொட்டகை. ஊர்க் குப்பையிலிருந்து வரும் பிளாஸ்டிக் பைகளையும் உறைகளையும் அங்கே பிரித்து, கழுவி, காயவைத்து, இயந்திரத்தில் போட்டு நகக்கண் அளவுக்கு நறுக்குவோம். அந்தத் துணுக்கு மூட்டைகள் சாலை போடும் கலவை ஆலைக்குப் போகும். அங்கே ஜல்லியை டிரம்மில் வறுத்து, சூடு சரியானதும் எங்கள் துணுக்கைக் கொட்டுவார்கள். அரை நிமிடத்தில் அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் பளபளப்பாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல்தான் தார். டிரம்மின் சூட்டைப் பார்ப்பது அண்ணன் வேலை. நான்கு வருடம் வெயிலில் மண்வெட்டி பிடித்துவிட்டு இந்த வருடம்தான் டிரம் மேடையில் ஏறினான்.

சூடு மிஞ்சினால் பிளாஸ்டிக் கருகிப் புகையும். தண்ணீர்க் குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் கலந்திருந்தால் சரியான சூட்டிலேயே ஆசிட் புகை கிளம்பும். ஆக, தப்பு அண்ணன் மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் மேல். நாளைக் காலையில் ஆலை மேஸ்திரி, கொட்டியது போக மிச்சமிருக்கும் அரை மூட்டையோடு கொட்டகைக்கு வருகிறார். துணுக்கு சுத்தம் என்றால் அண்ணனுக்கு இனி ஆலையில் வேலை இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"ஊமை, தொட்டியில போட்டுப் பாத்துத்தானே அனுப்பினே?"

தலையாட்டினேன். அவள் எனக்கு வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தை விட்டு வந்த வருடம் வைத்தாள்.

தொட்டி என்பது குறுக்கே அறுத்த ஒரு நீல நிறப் பீப்பாய். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து அதில் இருக்கும் தண்ணீரில் போடுவேன். மிதப்பது நல்லது. பிவிசி கனம், அது முழுகும். ஒரு துணுக்கு முழுகினாலும் மூட்டை திரும்பிவிடும். ஆனால் போன வாரம் வந்த கட்டு, புட்டி வாயைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை. கையில் கசக்கியபோது மொடமொடவென்று சத்தம் போட்டது. விட்டதும் விறைத்து நிமிர்ந்தது. நல்ல உறை அப்படிச் செய்யாது. அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "மெஷின்ல போடு. தொட்டி எதுக்கு இருக்கு?" என்றாள். போட்டேன். நறுக்கியதும் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் மிதந்தன. இன்னொரு தடவை போய் அவளிடம் பேச வேண்டியதில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அண்ணன் சீக்கிரம் வந்த அன்று சாயங்காலம் தொட்டி ஓரத்தில் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கொஞ்சம் நுரை உள்ளே விழுந்தது. பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டதால் இன்னும் மிதந்துகொண்டிருந்த துணுக்குகளில் ஒன்று ஆடியது, முழுகியது. பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துப் பதினைந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. பை நறுக்கியது மட்டும் மேலேயே நின்றது. முழுகியதில் ஒன்றை எடுத்துக் கசக்கினேன். மொடமொடத்தது. அவ்வளவு மெல்லிசாக இருந்ததால் அது நனையாமல் தண்ணீரின் மேல் வெறுமனே உட்கார்ந்திருந்திருக்கிறது. சோப்பு பட்டதும் நனைந்து தன் கனத்துக்கு இறங்கிவிட்டது.

சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"என்ன?" என்றாள் அத்தை.

"தொட்டியில... சோப்பு..."

"தீந்துபோச்சுன்னா வெறும் தண்ணியில கழுவு. மகாராணிக்கு வாசனை சோப்பு வேணுமாக்கும்."

அண்ணன் கண்ணில் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தான். "அண்ணா" என்றேன்.

"போடி. போயி உன் அத்தைக்கு விசிறி விடு."

காலையில் மேஸ்திரி வந்தார். அரை மூட்டையைத் தோளிலிருந்து அத்தையின் கால் பக்கத்தில் தொப்பென்று போட்டார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"இந்தாம்மா, உன் சரக்கு."

"என் சரக்கு என் வாசல்ல இருந்து போகும்போது சுத்தமாத்தான் போச்சு."

"சுத்தம்னா நீயே கொஞ்சம் கொளுத்தி மோந்து பாரு. நான் தள்ளி நின்னுக்கிறேன்."

"கொளுத்தினா எதுதான் நாறாது? மேஸ்திரி உடம்பையே கொளுத்தினாலும் நாறும். தொட்டி இருக்கு, தண்ணி இருக்கு. வாங்க."

அண்ணன் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அத்தை பழைய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தாள். மூட்டைக்குள் கையைவிட்டு இரண்டு கைநிறைய அள்ளித் தூவினாள். எல்லாம் மிதந்தன. ஒன்றுகூட முழுகவில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார் மேஸ்திரி. குச்சியால் ஓரத்தைக் கிண்டினார். அப்போதும் மிதந்தன.

"பாத்தாச்சா? இன்னும் முத்துக் குளிக்கணுமா?" என்றாள் அத்தை.

மேஸ்திரி குச்சியைக் கீழே போட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். "டிரம் சாவியைக் குடு."

"மீட்டர் சரியாத்தான் இருந்துச்சு மேஸ்திரி."

"மூணு பேரு நெஞ்சு எரியுது. மீட்டர் சரி, மூட்டை சரி, அப்ப கல்லு தானா ஆசிட் கக்குச்சா? குடுடா."

அண்ணன் அத்தையைப் பார்த்தான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் பாக்கெட்டுக்குள் கையை விட்டான்.

நான் போய்த் துணி துவைக்கும் கல்லின் மேல் இருந்த சோப்புத்தூள் பொட்டலத்தை எடுத்துவந்தேன். ஒரு பிடி தூளைத் தொட்டியில் போட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்கினேன்.

"ஏய், கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று அத்தை என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

நுரை ஒதுங்கியது. துணுக்குகள் கொத்துக்கொத்தாக இறங்க ஆரம்பித்தன. பாதிக்குமேல் போய்விட்டது. மேஸ்திரி குனிந்து அடியிலிருந்து ஒரு பிடியை அள்ளிக் காதருகே வைத்துக் கசக்கினார். எனக்கே கேட்டது அந்தச் சத்தம்.

மேஸ்திரி அதை அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதை யாரு பாத்து அனுப்பினது?" என்றார்.

"இவதான்" என்றாள் அத்தை. தயங்கவே இல்லை. "கையெழுத்துப் போட்ட மாதிரி மூட்டை மேல இவ கட்டின முடிச்சு இருக்கு பாருங்க."

முடிச்சு என்னுடையதுதான்.

"நான்தான்" என்றேன். "கட்டு வந்தப்பவே கையில தெரிஞ்சுது. அத்தை மெஷின்ல போடச் சொன்னாங்க. போட்டேன்."

"பேச்சு வந்துடுச்சா உனக்கு?" என்றாள் அத்தை.

மேஸ்திரி சாவியை வாங்காமலே அண்ணனிடம், "போ, போயி டிரம்மைப் பத்த வை" என்றார். அத்தையிடம், "ஆலையில கிடக்கிற உன் நாப்பது மூட்டையும் சாயங்காலம் திரும்பி வரும். சோப்புத் தண்ணியில பாக்காத ஒரு மூட்டை இனிமே என் கேட்டுக்குள்ள நுழையாது" என்றார். சோப்புத்தூள் பொட்டலத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அது என் சோப்பு" என்றாள் அத்தை.

"மூணு பேரு கண்ணு கழுவினதுக்கு வெச்சுக்கறேன்."

அண்ணன் சைக்கிளை எடுத்தான். வேலை போகாமல் தப்பியவன் முகமாக அது இல்லை. என் அருகில் வந்ததும் நிறுத்தினான்.

"நேத்தே தெரிஞ்சா நேத்தே சொல்றதுக்கென்னடி? ராத்திரி பூரா எரியவிட்டு வேடிக்கை பாத்தியா?"

"சொல்லத்தான் வந்தேன். போடின்னே."

அவன் பெடலை மிதித்துப் போய்விட்டான்.

சாயங்காலம் மூட்டைகள் வந்து இறங்கின. அத்தை ஒவ்வொன்றாக எண்ணாமல் காலால் உதைத்து என் பக்கம் தள்ளினாள்.

"நாப்பதையும் பாத்து முடிக்கிற வரைக்கும் வீட்டுப் படி ஏறாதே" என்றாள். "சோப்பு வேற கிடையாது. எங்க வாங்குவியோ வாங்கிக்கோ."

நான் கை கழுவும் சோப்புக் கட்டியைத் தொட்டித் தண்ணீரில் போட்டுக் கரைத்தேன். முதல் மூட்டையில் நான் போட்டிருந்த முடிச்சு இறுகிக் கிடந்தது. அதைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன்.