நீர்க்கோழியிடம் சொன்னது

அந்த்வானின் தோள்பட்டை இரண்டும் எரிந்தன. விடிந்ததிலிருந்து தோணியின் முன்முனையில் நின்று கவைக்கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தான். தள்ளும்போது வலி தெரியவில்லை. கோலைச் சேற்றிலிருந்து பிடுங்கும்போதுதான் கழுத்துவரை ஏறியது. ஒருமுறை திரும்பி இடுப்பை நெட்டி முறித்துக்கொண்டால் நன்றாக இருக்கும். ஆனால் பின்னால் மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவன் பினேசிக்வேயின் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் வீட்டுக்குள் வந்தால் இவன் விறகு பிளக்க வெளியே போய்விடுவான். மருமகன் மாமியாருக்குக் காட்டும் மரியாதை அது. அவள் தைத்த தோல் செருப்பும் அவன் கொண்டுவந்த மான் தொடையும் அவன் மனைவி செலியாவின் கை வழியாகத்தான் போய்வந்தன. ஏரித் தண்ணீரில் தானாக விளையும் நெல்லைத் தோணிக்குள் தட்டி உதிர்க்க எப்போதும் செலியாதான் அவனோடு தோணியில் வருவாள். இந்த வருஷம் அவள் பிள்ளை பெற்றுக் கரையில் கிடந்தாள்.

மேற்கே வானம் கறுத்து வந்தது. காற்று அடித்தால் முற்றிய நெல் அத்தனையும் தண்ணீருக்குள் உதிர்ந்துவிடும். அப்புறம் குளிர்காலத்துக்குச் சோறு கிடையாது. காலையில் பினேசிக்வே ஏரிக்குக் காணிக்கையாக ஒரு பிடி புகையிலையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, யாரிடமும் கேட்காமல் தோணியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள் ஒரு கோலால் நெல் தாள்களை மடிமேல் வளைப்பதும் மறு கோலால் தட்டுவதும் அவனுக்குக் காதில் மட்டும் கேட்டது. செலியாவைவிட வேகமான கை. நெல் அவள் முழங்கால்வரை குவிந்துவிட்டது.

பக்கத்துத் தோணியில் செலியாவின் தங்கை டெலிமா புருஷனோடு வந்தாள்.

"என்ன மச்சான், இன்னிக்கு வாய்க்குப் பூட்டா? எங்கக்கா கூட வந்தா ஏரி அதிரப் பாடுவீங்களே."

"ஒம் புருஷன் கோல் ஊனுற அழகப் பாத்துக்கிட்டிருக்கேன் கொழுந்தியா. இப்பத்தான் ரெண்டு வாத்து ஒங்கள முந்திப் போச்சு."

டெலிமாவின் புருஷன் துடுப்பால் அவன்மேல் தண்ணீரை வாரி இறைத்தான். அவர்கள் தோணி நிரம்பிவிட்டதால் கரைக்குத் திரும்பியது.

முதல் காற்று வந்தது அப்போதுதான். தாள்கள் மொத்தமாகச் சாய, நெல்லின் சுணை அந்த்வானின் முகத்தில் வாரி அடித்தது. வலது கண்ணில் ஊசி குத்தியதுபோல் இருந்தது. கையால் தேய்த்தான். கையெல்லாம் சுணை, இடது கண்ணும் போயிற்று. குனிந்து தண்ணீரை அள்ளி அடித்தான். சுணை இமைக்குள் இன்னும் ஆழமாக ஏறியது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

தோணி காற்றோடு ஒதுங்கத் தொடங்கியது. எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரிந்தது. அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய மரங்களின் முண்டுகள் அங்கே நீருக்கடியில் நின்றன. ஒன்று குத்தினால் போதும், நெல்லோடு தோணி அடியில் போய்விடும். மாமியாருக்கு நீச்சல் தெரியுமா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. கேட்டதில்லை.

பின்னால் தட்டும் சத்தம் நின்றது. பக்கத்துத் தாள்களுக்குள் நீர்க்கோழி ஒன்று கத்தியது. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ஏ நீர்க்கோழி," என்றாள் பினேசிக்வே. "ஒனக்கு எடது பக்கத்துல ஒரு முண்டு நிக்கிது. கண்ணு தெரியாதவன் எவனாச்சும் அந்தப் பக்கம் வந்தா, எடப்பக்கம் ஊனித் தோணிய வலதுல தள்ளச் சொல்லு."

அந்த்வான் இடப்பக்கம் ஊன்றித் தள்ளினான். அடியில் ஏதோ உரசிக்கொண்டு போயிற்று.

"நீர்க்கோழி, தள்ளியாச்சு," என்றான் அவன். "இனி?"

"நேரா. மெதுவா. ஓட்டப் பந்தயம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

"சரின்னு சொல்லு."

"கோல் ஆழமாப் போவும். பயப்படாதன்னு சொல்லு. அங்கிட்டு முண்டு இல்ல."

நீர்க்கோழி முதல் பேச்சிலேயே பறந்து போயிருந்தது. இருவரும் அதனோடு பேசிக்கொண்டே கரைவரை வந்தார்கள். தோணியின் அடி மணலில் தட்டியதும் அந்த்வான் கோலை ஊன்றி அதை நிறுத்தினான். பினேசிக்வே அவனைத் தாண்டி இறங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நெல் அள்ளப் போனாள்.

செலியா அவன் தலையை மடியில் சாய்த்து, இமையைப் புரட்டி, கண்ணில் பாலைப் பீய்ச்சினாள். நான்காம் முறையில் சுணை வெளியே வந்தது. அவனுக்கு முதலில் தெரிந்தது பிள்ளையின் கால்.

"பிள்ளைக்கு மிச்சம் வச்சிருக்கியாக்கா?" என்றாள் டெலிமா. "மச்சான், மூணு வருஷமாப் பேசாதவரு இன்னிக்கு எங்கம்மாகிட்ட ஊரு கேக்கப் பேசினீங்களாமே."

"யாரு சொன்னா? நீர்க்கோழிகிட்டப் பேசினேன்."

சட்டிக்கு அந்தப் பக்கம் நெல் வறுத்துக்கொண்டிருந்த பினேசிக்வே நிமிரவில்லை. "செலியா, ஒம் புருஷங்கிட்ட சொல்லு. நீர்க்கோழி பேச்சக் கேட்டு நடக்கிறானாம். பொழச்சுக்குவான்."

செலியா சிரித்ததில் பிள்ளை விழித்துக்கொண்டது.

புது அரிசி வெந்ததும் செத்தவர்களுக்கு ஒரு கிண்ணம் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். அந்த்வான் மூன்று முறை வாங்கித் தின்றான். பனி உருகும்வரை தாங்கும் அளவுக்கு நெல் கரையேறிவிட்டது. சாப்பிட்டு முடிக்கும்போதுதான் காற்று முழு வேகத்தில் வந்தது. அவர்கள் நெல் தட்டிய கரை வளைவில் மிச்சமிருந்த கதிரெல்லாம் உதிர்ந்தது. அது ஏரியின் பங்கு, அடுத்த வருஷத்துக்கு விதை. எதிர்க்கரையில் அணைத் தண்ணீர் மூழ்கடித்த மூன்று வளைவுகளின் மேலும் அதே காற்று அடித்தது. அங்கே உதிர ஒன்றும் இல்லை, வெறும் அலைதான். அங்கே மூழ்கிய நெல்லுக்காக அணைக்காரர்கள் தருவதாக ஒப்புக்கொண்ட பணம் ஒன்பது வருஷமாகப் பாக்கி.