திரைக்கு ஒரு கட்டம் வெளியே

1

இந்தக் கதையைக் கண்ணாடிக் கடையில் ஒட்டுக்கேட்டேன். புது லென்ஸுக்காகக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் போனில் சொன்னாள்: "அங்கயேதான்டி நின்னுட்டிருந்திருக்கான். ஸ்கிரீனுக்கு வெளிய." அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பினால் நாற்காலி காலி.

எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகம் பிறகு வரும், சில சமயம் வராமலே போகும். யார் நின்றான், எந்தத் திரை, ஏன் வெளியே? வீட்டுக்கு வந்தும் அந்தக் குரல் காதைக் குடைந்துகொண்டே இருந்தது.

2

முதல் தொடக்கம்: மாலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்து

வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலை இல்லை.

"இங்க பாரு, எல்லாரும் ஊதிப் போயிட்டாங்க."

சொன்னவள் பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகில் ஈறு செதுக்குபவள். அவளை அக்கா என்றே வைத்துக்கொள்வோம். கதையே அந்த உறவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. பழைய மானிட்டர் செத்துப்போய், அகலமாகப் புதிது வாங்கியிருந்தாள். அதில் அவளுடைய பழைய ஆன்லைன் கேமைத் திறந்தால், சின்னத் திரைக்காக வரைந்த படம் இருபக்கமும் இழுபட்டு, மனிதர், குதிரை, கிணறு எல்லாம் தடித்துத் தெரிந்தன.

"என் ஆளைப் பாரு. எருமை மாதிரி இருக்கா."

"கேம்லயா சொல்றீங்க?" என்றான் ஃபார்மட். கூடத்தில் கூட வேலை செய்பவன், கம்ப்யூட்டரைப் பார்க்க அவள் வீட்டுக்கு வந்திருந்தான். எந்தக் கம்ப்யூட்டரைக் கொடுத்தாலும் முதல் வைத்தியமாக எல்லாவற்றையும் அழித்துவிடுவான். பட்டப்பெயர் அப்படி வந்தது.

"வாய்க்கொழுப்பு. இதை மட்டும் அழிச்சுப் பாரு, உன் பல்லுக்கு நானே அளவெடுக்கிறேன்."

(கேமைப் பற்றி ஒரு வார்த்தை. உருவாக்கிய நிறுவனம் எப்போதோ கைகழுவிவிட்டது. ஆடுகிறவர்களே ஒரு சர்வரைப் பிடித்து ஓட்டுகிறார்கள். நம் கம்ப்யூட்டரில் இருந்துகொண்டு படம் காட்டும் பாதிக்குப் பெயர் கிளையன்ட். கேமின் தரை சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும்; திரையில் எத்தனை கட்டம் தெரிய வேண்டும் என்று அதற்குள் எழுதியிருக்கும். ஃபார்மட் கைவைக்கப்போவது அங்கே.)

3

"இழுக்கவே வேணாம்க்கா. இன்னும் கொஞ்சம் இடத்தைக் காட்டுன்னு சொல்லப்போறேன். ரெண்டே நம்பர்."

"என் ஐடியைத் தூக்கிட மாட்டாங்களே?"

"காட்டுறதை மட்டும்தானே மாத்துறோம். பழசைக் காப்பி எடுத்து வச்சிருக்கேன், பிடிக்கலன்னா திரும்பிப் போயிடலாம்."

திறந்தார்கள். ஆட்கள் மெலிந்தார்கள். சந்தை இருபுறமும் நீண்டது. கிணற்றடியில் அக்காவின் மூலிகைக் கடை. பல வருஷமாக அவள் நகராத இடம். அங்கே உட்கார்ந்தபடி இதுவரை தெரியாமலிருந்த ஒரு மரம் வலப்பக்கத்தில் தெரிந்தது. மரத்தடியில் ஓர் ஆள், பழைய திரை முடிந்த இடத்துக்குச் சரியாக ஒரு கட்டம் தள்ளி. தலைக்கு மேல் பெயர்: வாலு.

"யாருக்கா அது?"

மெழுகு செதுக்கும் விரல்கள் மவுஸின் மேல் அப்படியே நின்றன.

"என் தம்பி."

4

சண்டையைச் சொல்லியாக வேண்டும். பலவிதமாக எழுதிப் பார்த்தேன், இதுதான் தங்கியது: அம்மா இறந்தபோது அக்கா வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். காத்திருக்க வேண்டாம் என்று சொன்னவன் தம்பி. அம்மாவின் முகத்தை அவள் கடைசியாகப் பார்க்கவே இல்லை. வாசலில் வைத்தே சொன்னாள்: "இனிமே என் கண்ணு முன்னாடி நிக்காத."

கோபத்தில் யாரும் சொல்வதுதான். கேட்டவர் ஒரேயடியாகப் போய்விடுவார், இல்லையென்றால் மறுநாளே வந்து டீ கேட்பார். இவன் அந்த வாக்கியத்தை அளந்து பார்த்தான். (சின்ன வயதில் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், ஒருவர் இதே கேமை ஆட, மற்றவர் பக்கத்தில். அந்தத் திரையில் எத்தனை கட்டம் தெரியும் என்பது அவனுக்கு மனப்பாடம்.) அக்காவின் கண் எங்கே முடிகிறதோ அங்கே போய் நின்றுகொண்டான்.

தற்செயலாக இருக்கலாமே? எனக்கே சந்தேகம். அதனால்தான் அந்தச் சந்தையில் துணி விற்கும் 'தாடி' என்ற ஆட்டக்காரரைக் கதைக்குள் கொண்டுவந்தேன். அக்கா அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள்.

"மரத்தடியில நிக்கிறது எத்தனை நாளா?"

"உங்க காவக்காரரா? நான் கடை போட்டதுலேர்ந்து பாக்கிறேன். நீங்க வந்தா வருவாரு, போனா போவாரு. ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா?"

5

இந்த இடத்தில் 'வாலு தினமும் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான்' என்று எழுதியிருந்தேன். எனக்குப் பிடித்த வரி. என் வீட்டுக்கு வரும் மெக்கானிக் (ஃபார்மட்டை இவரிடமிருந்துதான் திருடினேன்) படித்துவிட்டுச் சிரித்தார்.

"எப்படிம்மா பாப்பான்? அவன்கிட்டயும் அதே பழைய திரைதானே? அவ கண்ணுக்கு அவன் தெரியலன்னா, அவன் கண்ணுக்கும் அவ தெரியமாட்டா."

"அப்ப எதுக்கு அங்க நிக்கணும்?"

"பேச்சு விழும். திரைக்குக் கொஞ்சம் வெளிய இருந்தாலும், அவ டைப் பண்றது அவனுக்குக் கீழ ஓடும்."

வரியை அடித்தேன். அடித்த பிறகுதான் அவன் எனக்குப் பிடிபட்டான். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். 'மூலிகை இருக்கு, வாங்க.' 'இந்த விலைக்கு என் தலையைத்தான் தரணும்.' தாடியோடு அவள் அடிக்கும் வம்பு. அவன் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. தட்டினால் அவளுக்கு விழுந்துவிடுமே.

இப்போது அவள் மட்டும் அவனைப் பார்க்கிறாள், அவனுக்கோ அது தெரியாது. இதுவும் ஒருவகை ஒட்டுக்கேட்டல்தான். நாற்காலியில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கும்தான்.

6

முடிவு ஒன்று: கண்கள் கலங்க அவள், "டேய் வாலு" என்று

இல்லை. கண் கலங்குகிறவளாக இருந்தால் எப்போதோ கலங்கியிருப்பாள்.

முடிவு இரண்டு: பழைய அளவுக்கே மாற்றச் சொல்கிறாள். அவன் பாட்டுக்கு நிற்கட்டும். (இதை ஒரு நாள் முழுக்க நம்பினேன். ஆனால் நிற்கிறான் என்று தெரிந்தபின் அவள் "மூலிகை இருக்கு" என்று எந்தக் குரலில் தட்டுவாள்?)

மூன்றாவதை எழுதவில்லை. கேட்டேன்.

"என்னக்கா, பழசுக்கே மாத்திடவா?"

"இரு."

"ஏதாவது டைப் பண்ணுங்களேன்."

"பண்ணா ஓடிடுவான். கூப்பிட்டா வர்ற ஜென்மம் இல்லை அது." மரத்தடியைப் பார்த்தபடி, "நான் அந்தப் பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தா?"

ஃபார்மட் எட்டிப் பார்த்தான். "அவர் திரையோட ஓரத்துல வந்து நிப்பீங்க."

"அவன் என் கண்ணு முன்னாடி வரல. நான்தானே போறேன்."

"ஆமா. அவர் உங்க சொல்லை மீறல."

"எனக்கு இன்னும் கோபம் போகலடா. அம்மா முகம் போனது போனதுதான்."

"சரிக்கா. நான் கிளம்பட்டுமா?"

"கிளம்பாத. உக்காரு."

நாற்காலி இழுபடுகிறது. வலப்பக்க அம்புக்குறியின்மேல் அவள் விரல் இருக்கிறது. அந்த விசை பழையது, அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு இதுவரை விழவில்லை. வயதான காது, தப்பவிட்டிருக்கலாம்.

உங்களுக்குக் கேட்டதா?