சிவப்பு மூக்குக் கேப்டன்

ஸ்லோகம் கோவ் ஊரில் கப்பல் கிளம்புவதை யாரும் போய் வேடிக்கை பார்ப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கேட்டுக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு அடுப்புக்கு மேலே ஒரு படகு ரேடியோ எந்நேரமும் கரகரத்துக்கொண்டிருக்கும். யார் வலையில் என்ன விழுந்தது, யாரோடு யார் பேசுவதில்லை என்பதெல்லாம் அதில்தான் ஓடும். உல்லாசக் கப்பல்காரர்கள் கரையோடு பேசுவதும் அதே வழியாக எல்லார் சமையலறையிலும் வந்து விழும். அந்தப் பெரிய மனிதர்களுக்கு மட்டும் அது உறைத்ததே இல்லை.

அன்று வெல்மா கடைக்கு ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். துறைமேடை முகப்பில் அவளுக்கு ஒரு சின்னக் கடை உண்டு. பொரித்த ரொட்டியும் புகைபோட்ட சால்மனும் விற்பாள். துறையில் நின்ற உல்லாசக் கப்பலின் கேப்டன் குரல் ரேடியோவில் வந்தது.

"முன்பக்க வடம் எல்லாத்தையும் விடு."

"முன்பக்கம் எல்லாத்தையுமா? விடவா?" என்றான் அவள் தம்பி ஆர்லன். கப்பல் வடங்களைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவன் வேலை.

"அதான் சொல்றேன்ல, விடு."

"விட்டாச்சு."

அடுத்த நிமிடம் ஜலசந்திப் பக்கமிருந்து காற்று ஓங்கி அடித்தது. பிடிமானம் இல்லாத கப்பலின் மூக்கு வெளியே போக, வால் திரும்பி மேடைமேல் வந்து இடித்தது. வெல்மாவின் அலமாரியில் இருந்த கோப்பைகள் எல்லாம் கலகலத்தன. மேடையின் கடைசிப் பாதி கடலுக்குள் போனது, அதோடு ஆர்லனும் போனான். கப்பல் மட்டும் நின்றுகூடப் பார்க்காமல் போய்விட்டது.

ஆர்லனை அவன் மச்சான் டூயிதான் படகிலிருந்து கொக்கிக் கழியால் சட்டைக் காலரில் மாட்டி இழுத்துப் போட்டான். "மீனா இருந்திருந்தா இத்தனூண்டு சைஸுக்குத் திரும்பக் கடல்லயே விட்டிருப்பேன். தங்கச்சி புருஷனாப் போயிட்ட, என்ன பண்ணித் தொலைய" என்றான். நடுங்கிக்கொண்டே ஆர்லன் சிரித்தான். அதுதான் அவன் கடைசியாகச் சிரித்தது.

இரண்டு நாள் கழித்துக் கப்பல் கம்பெனி வாய் திறந்தது. கரையில் இருந்த ஆள் உத்தரவு வருமுன்பே வடத்தை அவிழ்த்துவிட்டதால் விபத்து நடந்ததாம். ஜூனோ நகரச் செய்தியில் பெயரோடு சொன்னார்கள். ஆர்லன் கேட்டான், எழுந்து போய் ரேடியோவை அணைத்தான், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். சால்மன் ஏறி வருகிற பருவம், ஊரே கடலில் கிடக்கிறது. அவன் படகு மட்டும் கட்டிய இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"வச்ச சோறு தட்டுலயே காயுது, மதினி" என்றாள் அவன் மனைவி கோரல். "வாசலுக்குக்கூட வர மாட்டேங்குறாரு. வடம் விடத் தெரியாதவன்னு எல்லாரும் பாப்பாங்களாம்."

இருபது வருடம் வடம் பிடித்த கை அது. தப்பு செய்தவன் மேல்தளத்தில் காப்பி குடிக்கிறான், சொன்னதைச் செய்தவன் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். இதை இப்படியே விடுவதில்லை என்று வெல்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஊர்க் கூடத்துக்குக் கம்பெனியிலிருந்து கேண்டிஸ் என்றொரு அம்மாள் வந்தாள். பேச்சு தேன் மாதிரி இருந்தது. "புது மேடை கட்டித் தர்றோம். பழசை விடப் பெருசா, நல்லதா. இந்த விஷயத்தை இதோட முடிச்சுக்கலாம்."

"மேடை இருக்கட்டும்மா" என்று வெல்மா எழுந்தாள். "என் தம்பி உத்தரவு இல்லாம விட்டான்னு யாரு சொன்னது?"

"கப்பல்ல விசாரிச்சதுல வந்ததுங்க."

"கரையில விசாரிச்சீங்களா? கேப்டன் 'விடு'ன்னு சொன்னதைக் காதால கேட்டவங்க கை தூக்குங்க."

கூடம் முழுக்கக் கை எழுந்தது. காது கேட்காத கஸ் கிழவர்கூடத் தூக்கினார். அதில் பொய் இல்லை, ஊரிலேயே சத்தமான ரேடியோ அவருடையதுதான்.

கேண்டிஸின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "கேப்டன் ரொம்ப அனுபவசாலிங்க."

"அப்ப அந்த அனுபவசாலி கீழ இறங்கி வந்து, 'நான்தான் சொன்னேன்'னு ஊர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதுக்கெல்லாம் கேப்டன் இறங்கி வர மாட்டாருங்க" என்றாள் கேண்டிஸ்.

ஊர் மேடையை ஒப்புக்கொண்டது. ஊருக்கு வயிறு இருக்கிறது. வெல்மாவுக்கும் இருக்கிறது, மேடை இல்லாமல் படுத்துப்போனது முதலில் அவள் கடைதான். ஆனாலும் கை தூக்கிய அதே ஆட்கள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனதைப் பார்க்கையில் அவளுக்கு அழுகை வரவில்லை, அறைய வேண்டும் போல் இருந்தது.

நேரே டூயி வீட்டுக்குப் போனாள். அந்த ஊர்க்காரர்கள் டிலிங்கிட் பழங்குடி மக்கள். அவர்களில் எல்லாரும் இரண்டே வகை, அண்டங்காக்கை வகையும் கழுகு வகையும். ஒரே வகைக்குள் பங்காளி முறை, பெண் எடுக்க முடியாது. அடுத்த வகைதான் மாமன் மச்சான். தப்பு செய்துவிட்டு ஒத்துக்கொள்ளாத பெரிய மனிதனுக்கு அந்தக் காலத்தில் மரத்தில் முகம் செதுக்கி, மூக்கிலும் காதிலும் சிவப்பு பூசி, போகிற வருகிறவர் பார்க்க நிறுத்திவைப்பார்கள். அவன் வந்து ஒத்துக்கொள்கிற வரை அது நிற்கும். அவமானப்பட்டவனின் பங்காளிகள் அதைச் செய்யக் கூடாது, மச்சான் வகைதான் செய்ய வேண்டும். வெல்மாவும் ஆர்லனும் காக்கை. டூயி கழுகு.

"செஞ்சு குடு" என்றாள்.

"என்ன மதினி, விறகு வெட்டச் சொல்ற மாதிரி சொல்றீங்க. முறையாக் கேட்டா என்னவாம்? கூலி என்ன?"

"வருஷம் முழுக்க ரொட்டி."

"உங்க ரொட்டியா? அப்ப அபராதம்னு சொல்லுங்க" என்றபடியே எழுந்து சங்கிலி ரம்பத்தைத் தேடப் போனான்.

இடிந்த மேடையின் முனையில் ஒரே ஒரு பெரிய மரத்தூண் தலை முறிந்து, ஆனால் அசையாமல், தண்ணீரில் நின்றது. கடல் வற்றிய நேரத்தில் படகைத் தூணோடு ஒட்டி நிறுத்திக்கொண்டு டூயி அதில் முகத்தைச் செதுக்கினான். கேப்டன் தொப்பி, கொழுத்த கன்னம், இறுக மூடிய வாய். படகின் அடிவயிற்றுக்குப் பூசி மிஞ்சிய சிவப்புச் சாயத்தை எடுத்து மூக்குக்கும் இரண்டு காதுக்கும் தாராளமாகப் பூசினான். அடுத்த வாரம் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் பயணிகளை அனுப்பியது. வந்தவர்கள் முதலில் பார்த்தது அந்த முகத்தைத்தான்.

"யாருங்க இவரு?" என்று போட்டோ எடுத்துக்கொண்டே கேட்டார்கள்.

"நீங்க வந்த கப்பலோட கேப்டன்" என்று சொல்லி, ரொட்டி பொரிகிற நேரத்துக்குள் வெல்மா கதையை முழுக்கச் சொல்லிவிடுவாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கப்பலுக்குத் திரும்பிய ஆட்கள் சாப்பாட்டு மேசையில் கேப்டனின் மூக்கை உற்றுப் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு மேடை வேலை எப்படித்தான் அவசரமானதோ, பாரந்தூக்கி பொருத்திய பெரிய தட்டைப் படகு ஒன்று மறுவாரமே வந்துவிட்டது. கூடவே கேண்டிஸும் வந்தாள்.

"முதல் வேலையா அந்த உடைஞ்ச தூணைப் பிடுங்கணும். புது மேடை அங்கதான் வருது" என்றாள்.

ஊருக்குப் புரிந்துவிட்டது. தூண் போனால் முகம் போகும், முகம் போனால் பேச்சும் போகும், ஆர்லன் மேல் விழுந்த பழி மட்டும் ஆணியடித்த மாதிரி நிற்கும். தட்டைப் படகு மேடைப் பக்கம் வந்ததும் அதிலிருந்த மேஸ்திரி வடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கூப்பிட்டான். "யாராவது பிடிங்கப்பா."

வெல்மா கையைக் கட்டிக்கொண்டாள். டூயி கையைச் சட்டைப்பைக்குள் விட்டான். அவர்களைப் பார்த்து, கூடத்தில் புது மேடைக்குத் தலையாட்டியவர்களும் ஒவ்வொருவராகக் கையை உள்ளே விட்டார்கள்.

"என்னப்பா, ஊர்ல ஒருத்தருக்கும் கை இல்லையா?"

"கை இருக்கு" என்றான் டூயி. "எங்களுக்கு வடம் பிடிக்கத் தெரியாதுன்னு உங்க கம்பெனியே சொல்லிருச்சே. எதுக்கு வம்பு?"

நீரோட்டம் இழுத்தது. தட்டைப் படகு ஒருமுறை விலகிப் போய்ச் சுற்றி மறுபடி வந்தது. கரையில் நின்ற கேண்டிஸ் யாருக்கோ போன் போட்டாள். அப்போதுதான் கூட்டம் பின்னாலிருந்து விலகியது. ஆர்லன் வந்துகொண்டிருந்தான். முகம் வற்றி, தாடி மண்டியிருந்தது, காலில் பழைய ரப்பர் பூட்ஸ். யாரையும் பார்க்கவில்லை.

"வடத்தைப் போடுங்க" என்றான் மேஸ்திரியிடம்.

வெல்மா ஓரடி முன்னால் வந்தாள். இவனுக்காகத்தானே கம்பெனியோடு மல்லுக்கு நின்றாள். இவனே போய் அவர்களுக்குச் சேவகம் செய்கிறானே. "டேய் தம்பி, வேண்டாம்டா" என்றாள். அவன் திரும்பவில்லை. வந்து விழுந்த வடத்தைப் பிடித்தான், இடிந்த பலகைகள்மேல் முனைவரை நடந்து போனான், சிவப்பு மூக்குக்குக் கீழே, கேப்டனின் கழுத்தில், கண்ணியை மாட்டி இறுக்கினான். இரண்டாவது வடத்தையும் வாங்கி அங்கேயே மாட்டினான். தட்டைப் படகு இழுத்துப் பார்த்துவிட்டுச் சமர்த்தாக நின்றது.

மேஸ்திரி தூணைப் பார்த்தான், வடத்தைப் பார்த்தான், தன் பாரந்தூக்கியைப் பார்த்தான். பிடுங்க வேண்டிய தூணில் அவன் படகே கட்டிக் கிடந்தது. கரையில் முதலில் கஸ் கிழவர் சிரித்தார், பிறகு எல்லாரும்.

கேண்டிஸ் பலகைகள்மேல் தடுமாறியபடி முன்னால் வந்தாள். "இதுல கட்டச் சொல்லி யாரு உங்களுக்கு உத்தரவு குடுத்தது?"

ஆர்லன் நிமிர்ந்தான். இத்தனை நாளில் முதல் முறையாக ஒருவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"யாரும் குடுக்கல. அன்னைக்கு உங்க கேப்டன் சொல்லி அவுத்தேன். இன்னைக்கு நானாத்தான் கட்டியிருக்கேன். இதைப் போய்ச் செய்தியில சொல்லுங்க, என் பேரோட."