இடைவேளைக்குப் பிறகு மூக்கையா

2004ஆம் வருஷம் வைகாசியில், திருப்பூர் மண்ணரையில் சலவைப் பட்டறை ஒன்றில் காயப் போட்டிருந்த வெள்ளைப் பனியன் துணியில், நட்டநடு மத்தியானத்தில், நடிகர் குலோத்துங்கன் எடுத்த படம் ஓட ஆரம்பித்தது. மெஷின் கிடையாது, சத்தம் கிடையாது. துணியில் ஈரம் இருக்கிற வரைக்கும் ஓடும், காய்ந்ததும் நின்றுவிடும். மிச்சம் மறுநாள் ஈரத் துணியில் தொடரும். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது. பார்த்தவர்கள் பாதிப்பேர் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். பட்டறைக்காரர் ஏதோ கறை என்று நினைத்து இன்னொரு தடவை பிளீச்சிங் போட்டார். படம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

குலோத்துங்கன் முப்பது வருஷம் கதாநாயகனாகக் குதிரையேறிவிட்டு, முடி கொட்டின பிறகு டைரக்டர் ஆனவர். அவர் எடுத்ததில் தேறுகிற படம் எது என்று டீக்கடையில் கைகலப்பே நடந்திருக்கிறது. துணி அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது. உருப்படாத படம் ஒன்றைக்கூட அது காட்டவில்லை. முதலில் 'உப்பு வண்டி' ஓடியது. ஜனங்கள் தூக்குப்போசியோடு வந்து உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். இடைவேளை வரைக்கும் குலோத்துங்கன் முகம். அதற்குப் பிறகு அதே மீசைக்கு மேலே கட்டிங் மாஸ்டர் கன்னையனின் முகம் இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். படத்தில் வண்டிக்காரனுக்குக் கால் போகும். அதே வாரம் பல்லடம் ரோட்டில் டெம்போ ஏறிக் கன்னையனுக்கு வலது கால் போனது. அடுத்து 'ஈரச்சுவர்'. அதில் வருகிற வாத்தியார் பேச்சு மறந்து வீட்டைவிட்டுப் போவார். முகம் அயர்ன் மாஸ்டர் தங்கவேலுவுடையது. அவனும் ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் நடந்து போனவன்தான். அதற்கப்புறம் யாரும் கைதட்டவில்லை. ஆனாலும் தினமும் போய்ப் பார்த்தார்கள். தன் முகம் வரவில்லை என்று தெரியாமல் சோறு எப்படி இறங்கும்?

மூன்றாவது படம் 'கிடாய்க் கிணறு'. விஜயராணி அருப்புக்கோட்டைப் பக்கம் இருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள், பக்கத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. புருஷன் மூக்கையாவுக்கு இந்தச் சலவைப் பட்டறையிலேயே வேலை. அவன் குலோத்துங்கனுக்கு உயிரைக் கொடுக்கிற ரசிகன். அவளோ, காசு வாங்கிக்கொண்டு அழவைக்கிற ஆள் என்று சொல்லி தியேட்டரில் ஒரு படமும் பார்த்ததில்லை. இடைவேளை முடிந்து, திரையில் இருந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். அது மூக்கையா. விஜயராணி துணி காயும் முன்பே எழுந்து கன்னையன் வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணே, இந்தப் படத்துல கடைசியில என்னாகும்?"

கன்னையன் ஊன்றுகட்டையை நகர்த்தி வைத்துக்கொண்டார். "தூர் எடுக்கக் கெணத்துக்குள்ள எறங்குவாருங்க அம்மிணி."

"ஏறி வந்துருவாருல்ல?"

"அந்த முடிவுக்குத்தானுங்க அவார்டே குடுத்தாங்க."

வீட்டுக்கு வந்து புருஷன் காலைப் பிடித்து அழுதாள். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம் என்றாள், கஞ்சி குடித்தாவது உயிரோடு கிடக்கலாம் என்றாள். அந்த மனுஷனுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். குலோத்துங்கன் படத்தில், அதுவும் இருக்கிறதிலேயே நல்ல படத்தில், தன் முகம் வருகிறதென்றால் சும்மாவா என்று கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான். கிணறே இல்லாத ஊரில் கிணற்றுக்குப் பயப்படுகிறாயே என்று சிரிக்கவும் செய்தான். அவளும் யோசித்துப் பார்த்தாள். லைன் வீட்டைச் சுற்றிக் கிணறு ஏதும் இல்லைதான். ஆனால் பயம் என்ன கணக்குக் கேட்டுவிட்டா வரும்? தண்ணீர்க் குடத்துக்குள்கூட எட்டிப் பார்க்காமலே மொண்டு குடித்தாள்.

அவள் மறந்துபோனது பட்டறையின் பின்பக்கத்துச் சாயக்கழிவுத் தொட்டியை. ரெண்டாள் ஆழம், ரொம்ப நாளாக மூடிக் கிடந்தது. சேற்றை அள்ளச் சொல்லி மறுநாள் மத்தியானம் சூப்பர்வைசர் மூக்கையாவைத்தான் கூப்பிட்டார். அதே நேரம் விஜயராணி சாப்பாட்டு பெல் அடித்ததும் துணி முன்னால் வந்து நின்றாள். திரையில் மூக்கையா சட்டையைக் கழற்றி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பின்னால் கிணறு வாயைத் திறந்து வைத்திருந்தது. நிஜ மூக்கையா எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

செக்கிங்கில் தப்புத் தையல் கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டி ஒரு குட்டிச் சிவப்புக் காகித அம்பை ஒட்டுவார்கள். அம்பு ஒட்டின பனியன் ஆல்டருக்குப் போய், பிரித்துத் தைத்துத் திருந்தி வராமல் அடுத்த மேசைக்கு நகராது. ஏற்றுமதிக் கப்பல் போகிறது என்று முதலாளியே வந்து குதித்தாலும் நகராது. திருப்பூரில் சாமிக்குக் கட்டுப்படாதவன்கூட அம்புக்குக் கட்டுப்படுவான். அம்புச் சீட்டு அப்போதும் விஜயராணியின் முந்தானையில் குத்தியிருந்தது. திரையில் மூக்கையா ஏணியில் ஒரு காலை வைத்தான். அவள் ஓர் அம்பை உரித்து, ஈரத் துணியில், அவன் நெஞ்சு மேலே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். படம் அப்படியே நின்றது.

தொட்டியில் இரும்பேணியில் ஒரு காலை வைத்த மூக்கையாவுக்கு மறுகால் எழும்பவில்லை. சூப்பர்வைசர் கத்தினார், கூட இருந்தவர்கள் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று அவனை நம்ப வைப்பதற்காக ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அணைந்துபோய் மேலே வந்தது. மறுபடி பற்றவைத்து இறக்கினார்கள், மறுபடியும் அணைந்தது. உள்ளே விஷக்காற்று என்று புரிந்ததும் தொட்டியை மூடினார்கள். மூக்கையா துணிகளை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தபோது அவன் வெறும் நெஞ்சில் சிவப்பு அம்பு இருந்தது. விஜயராணி அவனை ஒரு அறை அறைந்தாள், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்தத் துணி கடைசி வரைக்கும் காயவில்லை. வேஸ்ட் வாங்குகிறவனும் அதைத் தொடவில்லை. வேறெந்தத் துணியிலும் அதற்கப்புறம் படம் ஓடவில்லை. அடுத்த பொங்கலுக்கு டிவியில் 'கிடாய்க் கிணறு' போட்டார்கள். குலோத்துங்கன் ஏணியில் கால் வைத்து, நெஞ்சில் இருக்கிற அம்பைக் குனிந்து பார்த்து, திரும்பி வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டார். பேட்டியில் கேட்டதற்கு, பழைய முடிவில் ஒரு தப்பு இருந்தது, யாரோ காட்டினார்கள், திருத்திவிட்டேன் என்றார். அவார்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சோறு தின்கிற முடிவெல்லாம் ஒரு முடிவா என்று டீக்கடையில் இப்போதும் சண்டை நடக்கிறது. அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று கன்னையன் அடித்துச் சொல்கிறார்.

ஆல்டருக்குப் போனது திரும்ப செக்கிங்குக்கு வந்தே தீரும் என்பது விஜயராணிக்குத் தெரியும். அம்பு உரிந்தால் நின்ற படம் நகர்ந்துவிடும் என்கிற பயம் இன்றைக்கும் போகவில்லை. தினமும் காலையில் புருஷன் சட்டைப் பொத்தானை அவிழ்த்துப் பார்ப்பாள். அம்பின் ஓரம் பிரிந்திருந்தால் எச்சில் தொட்டு ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிடுவாள். அதற்கப்புறம்தான் மூக்கையா தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவான்.