பலகையில் பதினொரு நாடுகள்

காலை ஆறு மணி. நான்காம் மாடியின் நீண்ட நடையில் புஷ்பமலர் மொப்பை எட்டுப் போட்ட மாதிரி வளைத்து வளைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். மே மாதத்து வெயில் நாலரைக்கே எழும்பிக் கண்ணாடிச் சுவர் முழுக்கப் பரவியிருந்தது. அந்த வெளிச்சத்தில் நிலத்தில் விடுபட்ட ஒவ்வொரு கோடும் தெரியும். பனிக்காலமென்றால் இருட்டில் தப்பிவிடலாம். கோடை வந்தால் துடைத்த இடத்தையே திரும்பவும் துடைக்க வேண்டும்.

அவளுக்கு இரண்டு அறை முன்னால் யாஸ்னா போய்க்கொண்டிருந்தாள். குப்பைக் கூடையைக் கவிழ்ப்பாள், புதுப் பை போடுவாள், நீலத் துணியால் மேசையைத் துடைப்பாள், கதிரையைத் தள்ளி வைப்பாள். கணக்குப்படி மூன்றாம் மாடி புஷ்பமலருடையது, நான்காம் மாடி யாஸ்னாவுடையது. ஆனால் மூன்று வருடமாக இரண்டு பேரும் இரண்டு மாடியையும் சேர்ந்தே செய்தார்கள். ஒருத்தி மேசை, மற்றவள் நிலம். அப்படிச் செய்தால் கால் மணித்தியாலம் மிஞ்சும். அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் தேத்தண்ணி.

இரண்டு பேரும் நோர்வேத் தலைநகரின் ஓரத்தில், ட்வெய்ட்டாவில் எதிரெதிர் மாடிக் கட்டடங்களில் இருந்தவர்கள்; யாஸ்னாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. முதல் ரயிலில் ஒன்றாக ஏறி, குறொன்லாண்ட் நிலையத்தில் ஒன்றாக இறங்குவார்கள். பேசியது நோர்வேஜிய மொழி. ஆளுக்குப் பாதி தெரியும். சேர்த்துப் பார்த்தால் முழு மொழி வரும்.

"காலமை றேடியோவிலை சொன்னவங்கள்," என்றாள் புஷ்பமலர். "உன்ரை மொண்டெநேக்ரோ வாக்கெடுப்பிலை வெண்டிட்டுதாம். இனித் தனி நாடாம்."

"கேட்டனான்," என்றாள் யாஸ்னா, மேசையை விட்டு நிமிராமல்.

"சந்தோசமில்லையே?"

"அண்ணன் ஓம் எண்டு போட்டவன். தங்கச்சி வேண்டாம் எண்டு போட்டவள். இப்ப ரண்டு பேரும் கதைக்கிறதில்லை. ஆனால் ரண்டு பேரும் எனக்குப் போன் எடுக்கினம். போன் பில்லுத்தான் கூடப் போகுது."

புஷ்பமலர் சிரிக்கவில்லை. மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு நின்றாள். "ஒரு வெடிச்சத்தம் இல்லை. ஒரு செத்தவீடு இல்லை. ஒரு புள்ளடி போட்டு நாடு எடுத்திட்டியள். உனக்கு அதின்ரை பெறுமதி தெரியேல்லை."

அவளுடைய தம்பி தொண்ணூற்றேழில் வன்னிச் சண்டையில் போனவன். உடல் வரவில்லை, பெட்டிதான் வந்தது. யாஸ்னாவுக்கு அது தெரியும். அவள் நீலத் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

கட்டடத்தின் நிலவறையில், மொப் துணி தோய்க்கும் இயந்திரங்களுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பலகை தொங்கியது. துப்புரவு நிறுவனத்தின் தலைமைக் கந்தோர் அனுப்பியது. மேலே பெரிய எழுத்தில் 'பதினொரு நாடுகள், ஒரே குழு' என்று நோர்வேஜிய மொழியில் இருந்தது. கீழே வேலையாட்களின் படங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கடதாசிக் கொடி, ஊசி குத்தி வைத்திருந்தார்கள். புஷ்பமலரின் படத்துக்குப் பக்கத்தில் கொடி இல்லை. பலகை வந்த முதல் நாளே அங்கே இருந்த சிங்கக் கொடியைக் கழற்றச் சொல்லி நின்றவள் அவள். பொறுப்பாளர் மகேசனும் தமிழர்தான். அவரே கந்தோரோடு கதைத்துக் கழற்றிவிட்டார். இரண்டு ஊசித் துளைகள் மட்டும் மிஞ்சின. தலைப்பின் பதினொன்றில் இலங்கையும் அடக்கம், கொடி மட்டும் இல்லை.

யாஸ்னாவின் படத்துக்குப் பக்கத்தில் நீலம், வெள்ளை, சிவப்பு. செர்பியாவும் மொண்டெநேக்ரோவும் சேர்ந்திருந்த நாட்டின் கொடி.

ஜூன் மூன்றாம் திகதி சனிக்கிழமை மொண்டெநேக்ரோ தன்னைத் தனி நாடாக அறிவித்தது. ஞாயிறும் திங்களும் பெந்தெகொஸ்தே விடுமுறை. திங்கட்கிழமை புஷ்பமலர் ரவையை நெய்யில் வறுத்தாள். கணவர் இரவீந்திரன் குனிய முடியாத நாரி நோவோடு கூடத்துச் சோபாவில் கிடந்தார். வேலைக்குப் போய் இரண்டு மாதம்.

"ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டார்.

"யாஸ்னாவுக்கு நாடு கிடைச்சிருக்கு."

"அவளுக்குக் கிடைச்சதுக்கு நீ ஏன் நெய்யைக் கொட்டுறாய்?"

"எங்களுக்குக் கிடைக்கேக்கை ஆராவது செய்வினம்தானே," என்றாள் அவள். இரவீந்திரன் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சீனி காணாது என்றார்.

செவ்வாய்க்கிழமை தேத்தண்ணி நேரத்தில் ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். சோமாலியக்காரர் இருவர், போலந்துக்காரி ஒருத்தி, மகேசன். யாஸ்னா தன் பங்கை வாங்கி, முந்திரிப்பருப்பை முதலில் பொறுக்கித் தின்றாள்.

"தம்பி, இவவின்ரை கொடியை மாத்த வேணும்," என்றாள் புஷ்பமலர் மகேசனிடம். "இன்னும் பழைய கொடியல்லோ கிடக்குது."

"ஓமக்கா, மாத்தத்தான் வேணும். எங்களுக்குத்தான் குத்த ஒண்டும் இல்லை, இருக்கிறவைக்கெண்டாலும் குத்துவம்." மகேசனுக்கும் முகம் மலர்ந்திருந்தது. "இண்டைக்கே கந்தோருக்கு எழுதுறன்."

பலகையைக் காட்டிக் காட்டி அவர்கள் பேசியதை யாஸ்னா கவனித்துவிட்டாள். "என்ன?" என்று கேட்டாள். புஷ்பமலர் சொன்னாள்.

"வேண்டாம். அது கிடக்கட்டும்."

"ஏன் கிடக்க வேணும்? அது இப்ப இல்லாத நாடு."

"கிடக்கட்டும் பூஷ்பா," என்றாள்; புஷ்பா அவள் வாயில் எப்போதும் பூஷ்பாதான். "எனக்கு அவசரமில்லை."

கூச்சப்படுகிறாள் என்று புஷ்பமலர் நினைத்தாள். இரண்டாம் தரம் கேசரி வைத்தாள். புஷ்பமலரும் ஒரு காலத்தில் பாஸ்போட்டின் திகதியைப் பார்த்துப் பார்த்து நாள் எண்ணியவள்தான். சிவப்பு நிற நோர்வே பாஸ்போட் கைக்கு வந்து ஆறு வருடம். அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் யாஸ்னாவுக்குக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. நல்ல மரியாதையான கடிதம். புதிய நாட்டுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தது. கொடிக்கு ஓடர் கொடுத்திருப்பதாகச் சொன்னது. நாடு மாறியதால் கோப்பிலும் மாற்ற வேண்டும், ஆகவே பாஸ்போட்டின் பிரதியும் விசாவின் பிரதியும் கொண்டுவரவும் என்று கேட்டிருந்தது.

யாஸ்னாவின் வேலை ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எழுதுவது. ஜூலை முதலாம் திகதியும் ஜனவரி முதலாம் திகதியும். எல்லோருடையதும் ஒரே கட்டாக ஒரே நாளில் கையெழுத்தாகிவரும். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பாஸ்போட் ஆகஸ்ட் பதினாலோடு முடிகிறது. விசா நவம்பரில். விசாவைப் புதுப்பிக்க வேலையும் வேண்டும், செல்லுபடியாகும் பாஸ்போட்டும் வேண்டும்.

பிரதிகளைக் கொடுத்த மறுநாள் அவள் லீவு எடுத்துக்கொண்டு, இப்போது செர்பியாவுடையதாகிவிட்ட பழைய தூதரகத்துக்குப் போனாள். அதற்கு அடுத்த நாள் போலீஸின் வெளிநாட்டவர் பகுதியில் வரிசையில் நின்றாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது, ரயிலில் இதையெல்லாம் புஷ்பமலருக்குச் சொன்னாள். சொல்லும்போது கையில் பாஸ்போட்டை வைத்திருந்தாள். நீல மட்டை, மூலையில் பொன்னெழுத்து தேய்ந்திருந்தது.

"தூதரகத்திலை இருந்த பெடிச்சி நல்லவள். சித்திரையிலை என்ரை போமை வாங்கினதும் அவள்தான். ஆனி மாதம் வந்து புதுப் பாஸ்போட் எடு எண்டவள். இப்பச் சொல்லுறாள், நீ பிறந்த இடம் இப்ப எங்கடை இல்லை, உங்கடை ஆக்களுக்கு என்ன செய்யிறதெண்டு மேலிடத்திலையிருந்து கடிதம் வரேல்லை. பொறுத்திரு எண்டு."

"அப்ப உன்ரை நாட்டின்ரை தூதரகம்?"

"இஞ்சை இல்லை. எப்ப வரும் எண்டும் தெரியாது. அவையள் இன்னும் பாஸ்போட் அடிக்கவே இல்லை."

"போலீஸிலை?"

"பாஸ்போட்டோடை வா எண்டினம்."

எதிரே இருந்த பெண் தன் பையை மடியில் இழுத்துக்கொண்டாள். ஹெல்லருட் நிலையம் வந்தது, போனது.

"நான் அங்கை புள்ளடி போடவும் இல்லை," என்றாள் யாஸ்னா. "இஞ்சை இருந்தனான். ஆரும் என்னைக் கேக்கேல்லை."

திங்கட்கிழமை புஷ்பமலர் உடுப்பு மாற்றாமலே மகேசனைப் போய்ப் பிடித்தாள். அவர் துணி தோய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் குந்தியிருந்து வடிகட்டியில் அடைத்த நூலைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கந்தோருக்கு ஒருக்கால் சொல்லுங்கோ. அவளின்ரை ஒப்பந்தத்தை வழமை மாதிரி எழுதச் சொல்லி."

"சொன்னனான் அக்கா. ரண்டு தரம் சொன்னனான். ஆகஸ்டிலை பாஸ்போட் முடியிற ஆளுக்கு டிசம்பர் வரைக்கும் எப்பிடி எழுதுறதெண்டு கேக்கினம். பேப்பர் சரிவந்தால் திரும்ப வரட்டுமாம், கதவு திறந்துதான் கிடக்காம்."

"வேலை இல்லாட்டில் விசா இல்லை. விசா இல்லாட்டில் திரும்பி எங்கையிருந்து வாறது?"

மகேசன் நூலை உருட்டிக் குப்பையில் போட்டார். "அக்கா, நான் கொடிக்குத்தான் எழுதினனான். வேறை ஒண்டும் எழுதேல்லை."

"எழுதச் சொன்னது நான்."

"நீங்கள் சொன்னது நல்லதுக்குத்தானே."

"கொடிக்கு எழுதாட்டில் இந்த முறையும் பாக்காமல் கையெழுத்து வைச்சிருப்பினம், என்ன?"

மகேசன் எழும்பி, முழங்காலைத் தட்டிக்கொண்டார். வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார்: "நாலாம் மாடிக்கு இப்போதைக்குப் புது ஆள் எடுக்க மாட்டினமாம். உங்களைச் சேத்துப் பாக்கச் சொல்லினம்."

"எத்தினை மணித்தியாலம்?"

"அதே நாலுதான் அக்கா."

இரவீந்திரனின் நாரிக்கு இன்னும் ஆறு கிழமை ஓய்வு என்று டொக்டர் எழுதியிருந்தார். அவள் அலுமாரியைத் திறந்து வேலைச் சட்டையை எடுத்துப் போட்டாள்.

ஜூன் முப்பது வெள்ளிக்கிழமை யாஸ்னாவின் கடைசி நாள். அன்றைக்கும் இருவரும் இரண்டு மாடியையும் சேர்ந்தே செய்தார்கள். அன்றைக்கும் கால் மணித்தியாலம் மிஞ்சியது. யாஸ்னா கதவு திறக்கும் அட்டையை மகேசனிடம் கொடுத்துக் கையெழுத்து வைத்தாள். பிறகு தன் பையிலிருந்து ஐஸ்கிறீம் பெட்டியை எடுத்தாள். மிஞ்சிய கேசரியோடு வீட்டுக்குக் கொண்டுபோன பெட்டி; நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது. உள்ளே அவள் கைக்குப் பூசும் கிறீம், பாதிக்குமேல் பிதுக்கி முடிந்தது.

"மருந்துத் தண்ணிக்கு உன்ரை விரலும் வெடிக்குதுதானே. இனி எனக்குத் தேவைப்படாது."

"மகளின்ரை படிப்பு?"

"ஆகஸ்டிலை புதுப் பள்ளிக்கூடம் துவங்குது. புத்தகப் பை வாங்கிட்டாள்."

புஷ்பமலர் பெட்டியை மூடினாள், திறந்தாள். "நான் சும்மா இருந்திருக்கலாம்."

"நீ கேசரி தந்தாய்," என்றாள் யாஸ்னா. பிறகு, பகிடியா இல்லையா என்று பிடிபடாத குரலில் சொன்னாள்: "உன்ரை நாடு கிடைச்சால் நான் இனிப்புக் கொண்டு வர மாட்டன் பூஷ்பா. முதல்லை உன்ரை பாஸ்போட்டின்ரை திகதியைப் பாப்பன்."

திங்கட்கிழமை புஷ்பமலர் முதல் ரயிலில் தனியாக வந்தாள். நிலவறையில் பலகை கொஞ்சம் சரிந்திருந்தது. யாஸ்னாவின் படம் இருந்த இடம் வெளிறிய நீள்சதுரமாகத் தெரிந்தது. பழைய கொடியையும் கழற்றியாயிற்று. மகேசன் கந்தோரிலிருந்து வந்த கடித உறையைக் கிழித்துக்கொண்டிருந்தார். உள்ளே சிவப்புக் கொடி ஒன்று, பொன்கரை போட்டது, நடுவில் இரண்டு தலைக் கழுகு. நான்கு ஊசிகளும் சின்னப் பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

புஷ்பமலர் கொடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதிலையும் ஒரு சிங்கம் கிடக்கு," என்றாள். கழுகின் நெஞ்சில், அரிசி அளவில் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

"குடுங்கோ அக்கா."

"ஆருக்குக் குத்தப் போறியள்?"

"வியாழக்கிழமை கந்தோரிலையிருந்து படம் எடுக்க வருகினம். தலைப்பிலை பதினொண்டு எண்டு கிடக்கு. இது இல்லாட்டில் பத்தாப் போகும்."

அவர் வெளிறிய இடத்துக்குப் பக்கத்தில் கொடியை வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி நேர் பார்த்து, நான்கு மூலையிலும் ஊசி குத்தினார். நன்றாக நேராக இருந்தது.

புஷ்பமலர் தன்னுடையதும் யாஸ்னாவுடையதுமான துப்புரவு வண்டில்கள் இரண்டையும் தள்ளிக்கொண்டு லிஃப்டடிக்குப் போனாள். லிஃப்டுக்குள் ஒரு வண்டில் மட்டும்தான் கொள்ளும்; இதுவரை ஒருத்தி கீழே நின்று தள்ள, மற்றவள் மேலே நின்று இழுப்பாள். அவள் யாஸ்னாவின் வண்டிலை முதலில் உள்ளே தள்ளி, கையை நீட்டி நாலாம் மாடிப் பொத்தானை அமத்தினாள். கதவு மூடியது. மேலே யாரும் இல்லை. அவள் போய் இழுக்காவிட்டால் கதவு திறந்து மூடி, அது திரும்பக் கீழே வந்துவிடும். அவள் சேலைக்குப் பழகிய கையால் காற்சட்டையை முழங்காலடியில் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு படிகளில் ஓடத் தொடங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டில் தனியாக ஏறிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.